எந்த ஆன்டிவைரஸ் நல்லது?

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் இருப்பவர்களிடம் ஊர் முழுக்கக் கேட்கும் கேள்வி இது. கல்யாணப் பந்தியிலும் கேட்பார்கள், ரேஷன் கடை வரிசையிலும் கேட்பார்கள். பதிலாகப் பெரும்பாலும் ஒரு பெயர்தான் கிடைக்கும். அந்தப் பெயர் எங்கிருந்து வருகிறது என்பது தொழிலுக்குள் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த மாதம் எந்த நிறுவனத்தின் லைசன்ஸ் கீ கடையில் மொத்தமாக வாங்கி அடுக்கப்பட்டிருக்கிறதோ, அதுதான் நல்ல ஆன்டிவைரஸ். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு ஹார்டு டிஸ்க்கிலோ மதர்போர்டிலோ கிடைக்கிற லாபம் மிகவும் மெலிந்தது. ஆன்டிவைரஸ் பெட்டியின் மேல் அச்சிட்ட விலைக்கும் கடைக்காரர் வாங்கும் விலைக்கும் உள்ள இடைவெளி அப்படியல்ல. போதாததற்கு அடுத்த வருடம் அதே வாடிக்கையாளர் ரெனியூவலுக்கு வருவார். இதை மோசடி என்று சொல்ல மாட்டேன், வியாபாரம். ஆனால் வாங்குகிறவர் தன் கேள்விக்குக் கிடைத்த பதிலைத் தொழில்நுட்ப ஆலோசனை என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார், அதில்தான் எனக்கு வருத்தம். வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு இத்தனை ஆண்டுகளாக வந்த சேதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. ஒவ்வொரு காலத்திலும் வைரஸ் வந்த வழி வேறு. அந்த வழியைக் கடைசியில் அடைத்தது, கிட்டத்தட்ட எப்போதும், விண்டோஸிலேயே செய்யப்பட்ட ஏதோ ஒரு மாற்றம். ஆன்டிவைரஸும் ஃபயர்வாலும் அதுவரை அவகாசம் வாங்கிக் கொடுத்தன. அந்த அவகாசத்துக்கு இன்று உங்கள் கம்ப்யூட்டரில் என்ன விலை என்பதைத்தான் எடைபோட வேண்டும், பெட்டியின் பெயரை அல்ல.

ஃப்ளாப்பி காலத்தில் அந்த விலை அதிகம். 1986இல் லாகூரில் கம்ப்யூட்டர் கடை நடத்திய பாஸித், அம்ஜத் ஃபாரூக் ஆல்வி சகோதரர்கள் எழுதிய பிரெய்ன் வைரஸ், ஃப்ளாப்பியின் பூட் செக்டாரில் இருந்துகொண்டு எழுதியவர்களின் கடை முகவரியையும் போன் நம்பரையும் கூடவே சுமந்து திரிந்தது. வைரஸ் ஊர்விட்டு ஊர் போக வேண்டுமானால் யாராவது ஒருவர் ஃப்ளாப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏற வேண்டும். அது பரவி முடிப்பதற்குள் மாதிரி ஆய்வகத்துக்குப் போய், அடையாளம் குறிக்கப்பட்டு, புது வைரஸ் பட்டியல் இன்னொரு ஃப்ளாப்பியில் கடைக்கு வந்துவிடும். தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதிய சிஐஹெச் வைரஸ் 1998லேயே அறியப்பட்டது. அது வெடித்தது 1999 ஏப்ரல் 26 அன்று. ஹார்டு டிஸ்க்கின் தொடக்கப் பகுதியை அழித்ததோடு, சில மதர்போர்டுகளில் பயாஸ் சிப்பையும் துடைத்தெடுத்துவிட்டது. பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. சிப்பைக் கழற்றி வேறொரு கருவியில் வைத்து மறுபடி எழுதினால்தான் உயிர் வரும். அதற்கு முந்தைய மாதங்களில் பட்டியலைப் புதுப்பித்து வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆன்டிவைரஸ் தன் வேலையை முழுதாகச் செய்த காலம் அது. அதே காலத்தில்தான் பயத்தை விற்கும் பழக்கமும் தொடங்கியது. 1992 மார்ச் 6 அன்று மைக்கேலாஞ்சலோ வைரஸ் 50 லட்சம் கம்ப்யூட்டர்கள்வரை அழிக்கக்கூடும் என்று ஆன்டிவைரஸ் நிறுவனர் ஜான் மெக்காஃபி சொல்ல, பத்திரிகைகள் அதைப் பெரிதாகப் போட்டன. பாதிக்கப்பட்டவை பத்து இருபதாயிரத்துக்குள்தான் இருக்கும் என்பது பிற்பாடு வந்த மதிப்பீடு. ஆன்டிவைரஸ் விற்பனை மட்டும் சொன்னபடி எகிறியது.

இமெயில் வந்ததும் அவகாசம் சுருங்கிவிட்டது. 2000 மே 4 அன்று பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' புழு ஒரே நாளில் உலகைச் சுற்றிவந்தது. ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் சில மணி நேரத்தில் அடையாளம் வெளியிட்டன, அதற்குள் லட்சக்கணக்கான பேர் காதல் கடிதத்தைத் திறந்துவிட்டார்கள். அந்த இணைப்புக் கோப்பின் பெயர் 'டாட் டிஎக்ஸ்டி டாட் விபிஎஸ்' என்று முடியும். விண்டோஸ் கடைசிப் பகுதியை மறைத்துவிடுவதால் பார்ப்பவருக்கு அது வெறும் எழுத்துக் கோப்பு. கோப்புப் பெயரின் வாலை மறைக்கும் இந்தப் பழக்கம் இன்றைய விண்டோஸிலும் மாறவில்லை என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். அந்த வழி எப்படி அடைபட்டது? அவுட்லுக்கே அப்படிப்பட்ட இணைப்புகளைத் திறக்க மறுக்கும்படி மாற்றப்பட்டது, பிறகு மெயில் சேவைகள் தங்கள் சர்வரிலேயே வடிகட்டத் தொடங்கின. வேர்டு மேக்ரோவுக்கும் இதே கதை. 1999இல் மெலிஸா வைரஸ் அதைக் காட்டிக்கொடுத்தது. இணையத்திலிருந்து வந்த கோப்பில் மேக்ரோவைத் தடுப்பதை மைக்ரோசாஃப்ட் இயல்பு நிலையாக்கியது 2022இல். இடையில் இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் மேக்ரோ வைரஸ்களைத் துரத்திக்கொண்டே இருந்தன.

ஃபயர்வால் என்ற சொல் வீடுகளுக்குள் நுழைந்தது 2003 ஆகஸ்டில், பிளாஸ்டர் புழுவோடு. அதற்கு யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியதில்லை. விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரை டயல்-அப்பில் இணைத்தால் போதும், 135ஆம் போர்ட் வழியாகத் தானே உள்ளே வரும். சிறிது நேரத்தில் திரையில் ஒரு பெட்டி தோன்றி 60 விநாடியிலிருந்து பின்னோக்கி எண்ணும், கம்ப்யூட்டர் அணைந்துவிடும். ஆன்டிவைரஸ் இருந்தவர்களுக்கும் இதே நிலைதான். அது புழுக் கோப்பை அழிக்கும், ஓட்டை அப்படியே இருப்பதால் அடுத்த நிமிடம் மறுபடி வரும். சர்வீஸ்காரர்கள் கண்டுபிடித்த ஒழுங்கு இதுதான்: போன் லைனைப் பிடுங்கு, எக்ஸ்பிக்குள்ளேயே ஒரு மூலையில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும் ஃபயர்வாலை இயக்கு, மறுபடி இணைப்புக் கொடு, ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை இறக்கு. நடுவில் கவுண்ட்டவுன் வந்துவிட்டால் கட்டளைப் பெட்டியில் 'ஷட்டவுன் மைனஸ் ஏ' என்று அடித்து நிறுத்து. அந்தப் பேட்ச் ஜூலை 16 அன்றே வெளியாகியிருந்தது, புழு வந்தது ஆகஸ்ட் 11. மருந்து கையில் இருந்தும் கிட்டத்தட்ட நான்கு வாரம் பலர் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு மே மாதம் சாஸர் புழு இதையே திருப்பிச் செய்தது. 2004 ஆகஸ்டில் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2, அந்த ஃபயர்வாலைத் தானாகவே இயங்கும்படி மாற்றியது. வீட்டுக் கம்ப்யூட்டர் பாதுகாப்பில் நடந்த மிகப் பெரிய முன்னேற்றம் எது என்று என்னைக் கேட்டால் இந்த ஒற்றை மாற்றத்தைச் சொல்வேன். யாரும் அதற்குத் தனியாகக் காசு கொடுக்கவில்லை.

இரண்டாவது மாற்றம் யாருடைய திட்டமும் இல்லாமல் நடந்தது. 2005இல் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்த புதிதில் பல மோடம்கள் பிரிட்ஜ் முறையில் போடப்பட்டன. கம்ப்யூட்டரில் டயலரைத் திறந்து யூசர்நேம் அடித்து இணைய வேண்டும். அப்படி இணையும்போது பொது ஐபி முகவரி நேராகக் கம்ப்யூட்டருக்கே வந்துவிடும், உலகத்தில் யார் தட்டினாலும் அதற்குக் கேட்கும். ஒரு வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர், லேப்டாப், செல்போன் என்று சேரச் சேர, மோடமே இணைப்பை ஏற்படுத்திப் பங்கிடும் ரவுட்டர் முறைக்கு எல்லோரும் மாறினார்கள். வெளியிலிருந்து கேட்காமல் வரும் எதையும் எந்தக் கருவிக்கு அனுப்புவது என்று ரவுட்டருக்குத் தெரியாது, அதனால் கைவிட்டுவிடும். பங்கிடுவதற்காகச் செய்த ஏற்பாடு பாதுகாப்பாக முடிந்தது. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை புழு 445ஆம் போர்ட் வழியாகப் பரவியபோது பிரிட்டனின் மருத்துவமனைகளும் பெரிய அலுவலகங்களும் நின்றுபோயின. ரவுட்டருக்குப் பின்னால் ஒன்றிரண்டு கம்ப்யூட்டர்களோடு இருந்த வீடுகளுக்கு அது வந்து சேர வழி இல்லை. பெரும்பாலான வீடுகள் தப்பியதற்குக் காரணம் அவற்றின் ஆன்டிவைரஸ் அல்ல என்றே நான் கருதுகிறேன். ஆனால் அதே ஆண்டு ஜூலையில் பி.எஸ்.என்.எல். மோடம்களையே ஒரு தீநிரல் தாக்கி முடக்கியது. 'அட்மின்' என்ற யூசர்நேமுக்கு 'அட்மின்' என்றே கடவுச்சொல் இருந்த மோடம்கள் அதில் விழுந்தன. ஆன்டிவைரஸ் கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருக்கிறது, மோடமுக்குள் நடப்பது அதற்குத் தெரியாது. ஃபைபர் இணைப்புக் கொடுக்க வருகிறவர் சுவரில் மாட்டிவிட்டுப் போன பெட்டியின் கடவுச்சொல்லை மாற்ற ஐந்து நிமிடம் போதும். அதைச் செய்யாத வீடுகளில் ஆயிரம் ரூபாய் ஃபயர்வால் மென்பொருள் இருப்பதைப் பார்க்கலாம்.

தனி ஃபயர்வாலுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். விண்டோஸ் ஃபயர்வால் உள்ளே வருவதைத் தடுக்கிறது, வெளியே போவதைக் கேள்வி கேட்பதில்லை. ஏதோ ஒரு தீநிரல் உள்ளே நுழைந்து உங்கள் தகவலை வெளியே அனுப்பினால்? ஜோன் அலாரம் போன்ற மென்பொருள்கள் 2000க்குப் பிறகு பெயர் வாங்கியது இதனால்தான். வாதம் காகிதத்தில் சரி. நடைமுறையில் அவை என்ன செய்தன என்பதைப் பார்க்க வேண்டும். நிறுவிய முதல் நாள் திரையின் மூலையில் பாப்-அப் வந்துகொண்டே இருக்கும்: 'எஸ்விசிஹோஸ்ட் இணையத்துடன் தொடர்புகொள்ள விரும்புகிறது, அனுமதிக்கவா?' இந்தக் கேள்விக்கு வீட்டில் யார் பதில் சொல்வது? எஸ்விசிஹோஸ்ட் விண்டோஸின் சொந்தக் கோப்பு, அதன் பெயரிலேயே தீநிரலும் உலவுவதுண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தொழில் தெரிந்தவருக்கே நேரம் பிடிக்கும். ஒருமுறை தடுத்துப் பார்த்து இணையம் நின்றுபோனவர், அதற்குப் பிறகு எது கேட்டாலும் 'அனுமதி' என்று அழுத்தப் பழகிவிடுவார். அந்தப் பழக்கம் மற்ற எச்சரிக்கைகளுக்கும் பரவிவிடும் என்பதுதான் பெரிய நஷ்டம். தவிர, உள்ளே நுழைந்து நிர்வாகி அதிகாரமும் பெற்றுவிட்ட தீநிரல் ஃபயர்வாலை அணைத்துவிடலாம், அல்லது பிரவுசருக்குள் புகுந்துகொண்டு அதன் பெயரில் வெளியே பேசலாம். ஃபயர்வாலே ஓட்டையான கதையும் உண்டு. 2004 மார்ச்சில் வந்த விட்டி புழு, பிளாக்ஐஸ் என்ற ஃபயர்வாலில் இருந்த பிழை வழியாகவே கம்ப்யூட்டர்களுக்குள் நுழைந்தது. பிழை வெளியே தெரிந்து இரண்டு நாள்கூட ஆகியிருக்கவில்லை. சுமார் 12,000 கம்ப்யூட்டர்களில் புகுந்து டிஸ்க்கில் கண்டபடி எழுதி அழித்துவிட்டுப் போனது. அந்த ஃபயர்வாலை வாங்காத வீடுகளுக்கு அந்தப் புழுவால் ஒன்றும் நேரவில்லை.

தமிழ்நாட்டில் ஆன்டிவைரஸ் மறுபடி தன் விலைக்கு வேலை செய்த காலம் ஒன்று இருந்தது, பென்டிரைவ் காலம். இணையம் இல்லாத வீட்டில்கூட வைரஸ் இருந்தது, ஏனென்றால் காலேஜ் லேப், பிரவுசிங் சென்டர், ஜெராக்ஸ் கடை மூன்றையும் சுற்றிவந்த பென்டிரைவ் அங்கும் செருகப்பட்டது. செருகிய மறுநொடி ஆட்டோரன் வழியாக உள்ளே போய்விடும். நியூ ஃபோல்டர் வைரஸை அந்தத் தலைமுறை மறந்திருக்காது. பார்க்க மஞ்சள் ஃபோல்டர், உண்மையில் இஎக்ஸ்இ கோப்பு. டாஸ்க் மேனேஜர் திறக்காது, ஃபோல்டர் ஆப்ஷன்ஸ் மெனுவிலிருந்தே காணாமல் போயிருக்கும், உண்மையான ஃபோல்டர்கள் மறைக்கப்பட்டிருக்கும். பிராஜெக்ட் ரிப்போர்ட் போய்விட்டது என்று பதறி வருகிற மாணவருக்குக் கட்டளைப் பெட்டியில் 'அட்ரிப் மைனஸ் ஹெச் மைனஸ் எஸ்' என்று அடித்தால் எல்லாம் திரும்பிவரும், அதற்கு ஐம்பது ரூபாய் வாங்கிய கடைகள் உண்டு. ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே பென்டிரைவைச் செருகினால் ஆட்டோரன் ஓடாது என்ற வித்தை தெரிந்தவருக்கு ஹாஸ்டலில் தனி மரியாதை இருந்தது. புனேயின் குவிக் ஹீல், சென்னையின் கே7 போன்றவை இந்தக் காலத்தில் கடைத்தெருவில் வேரூன்றியதற்கு விளம்பரம் மட்டும் காரணமில்லை. இங்கே சுற்றிய வைரஸின் மாதிரி இங்கே இருப்பவர்களுக்கு முதலில் கிடைத்தது, போன் செய்தால் பேச ஆளும் இருந்தார்கள். 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் ஒரு அப்டேட் மூலம் பழைய எக்ஸ்பியிலும் விஸ்டாவிலும் பென்டிரைவ் ஆட்டோரனை நிறுத்தியது, விண்டோஸ் 7இல் அது முன்பே இல்லை. சர்வீஸ் மேசைக்கு வந்துகொண்டிருந்த பென்டிரைவ் வைரஸ்கள் அதன் பிறகு மெல்லக் குறைந்தன. திருட்டு எக்ஸ்பி வைத்துக்கொண்டு அப்டேட்டை அணைத்து வைத்திருந்தவர்களிடம் மட்டும் பல ஆண்டு நீடித்தன. அந்த வீடுகளுக்கு ஆன்டிவைரஸ் அப்போது கட்டாயம் தேவைப்பட்டது, இதை மறுக்க மாட்டேன்.

2009இல் மைக்ரோசாஃப்ட் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் இலவசமாக வந்தது. 2012இல் விண்டோஸ் 8 உடன் டிஃபெண்டர் முழு ஆன்டிவைரஸாக உள்ளேயே வந்துவிட்டது. கடைக்காரர்கள் அதைச் சும்மா கிடைப்பது என்று ஒதுக்கினார்கள், அன்றைக்கு அதில் நியாயமும் இருந்தது. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகம் 2012இல் எசென்ஷியல்ஸுக்குச் சான்றிதழே தரவில்லை. அதே ஆய்வகத்தில் சில ஆண்டுகளுக்குப் பிறகு டிஃபெண்டர் கட்டண மென்பொருள்களோடு ஒரே வரிசையில் நின்று முழு மதிப்பெண் வாங்கியது. சந்தையில் இன்னும் 2012 மதிப்பெண்ணைச் சொல்லியே பெட்டி விற்கப்படுகிறது. கட்டண மென்பொருளுக்குச் சோதனையில் 99.9, டிஃபெண்டருக்கு 99.5 என்றால் அந்த வித்தியாசம் முக்கியமில்லையா என்று கேட்கலாம். அந்தச் சோதனைகளில் நிஜப் பயன்பாட்டுச் சூழலைப் பார்க்கும் பகுதியில் பயன்படும் புதிய மாதிரிகள் சில நூறு. ஒன்றிரண்டு மாதிரியைத் தவறவிட்டாலே தசமப் புள்ளி மாறிவிடும், அடுத்த சோதனையில் வரிசையும் மாறிவிடும். எந்த நிரலாலும் எல்லா வைரஸ்களையும் பிழையில்லாமல் கண்டுபிடிக்க முடியாது என்று ஃப்ரெட் கோஹன் 1980களிலேயே கணிதமாக நிறுவிவிட்டார். சைமான்டெக்கின் மூத்த அதிகாரி பிரையன் டை 2014இல் தங்கள் ஆன்டிவைரஸ் தாக்குதல்களில் பாதிக்கும் குறைவாகத்தான் பிடிக்கிறது என்று வெளிப்படையாகவே சொன்னார். ஆன்டிவைரஸ் வேலை செய்கிறதா என்று பார்க்க ஐகார் என்ற 68 எழுத்துச் சோதனைக் கோப்பைச் சில கடைகளில் திறந்து காட்டுவார்கள். சிவப்புப் பெட்டி தோன்றும், வாடிக்கையாளர் திருப்தியடைவார். மென்பொருள் விழித்திருக்கிறது என்பதற்கு மேல் அந்தச் சோதனை எதையும் சொல்வதில்லை.

சோதனை அட்டவணையில் பெரிதாகத் தெரியாத செலவுகள் வேறு. ஆன்டிவைரஸ் விண்டோஸின் மிக ஆழமான அடுக்கில் அமர்கிறது, அதனால் அது தவறினால் கம்ப்யூட்டர் எழுந்திருக்காது. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி அனுப்பிய அன்றாட வைரஸ் பட்டியல் ஒன்று, எக்ஸ்பியின் எஸ்விசிஹோஸ்ட் கோப்பையே வைரஸ் என்று பிடித்தது. உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்கள் தாமாக அணைந்து எழுந்து அணைந்துகொண்டிருந்தன. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு பிழையான கோப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கருவிகளை நீலத் திரையில் நிறுத்தியது. அது அலுவலகப் பொருள்தான், ஆனால் அமர்ந்திருந்தது அதே ஆழத்தில். நான்கு ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்பில் ஆன்டிவைரஸும் ஃபயர்வாலும் சேர்ந்த முழு சூட் ஒன்றை நிறுவினால் அது எழுந்து நிற்க எடுக்கும் நேரமும் ஒரு செலவு. இரண்டு ஆன்டிவைரஸ் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஒவ்வொரு கோப்பைத் திறக்கும்போதும் இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத செலவு, தகவல். நீங்கள் திறக்கும் ஒவ்வொரு தளத்தையும் ஆன்டிவைரஸ் பார்க்கிறது, அதன் வேலையே அது. அவாஸ்ட் நிறுவனம் அப்படிப் பார்த்ததை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் மூலம் விற்றது 2020 ஜனவரியில் அம்பலமானது, 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. அதே 2024இல் அமெரிக்க அரசு காஸ்பர்ஸ்கி ஆன்டிவைரஸுக்குத் தடை போட்டபோது, அங்குள்ள வாடிக்கையாளர்கள் பலரின் கம்ப்யூட்டரில் ஒரு காலையில் காஸ்பர்ஸ்கி மறைந்து அல்ட்ராஏவி என்ற கேள்விப்படாத மென்பொருள் இருந்தது. ஆன்டிவைரஸுக்கு அனுமதி கொடுத்தால் அது எவ்வளவு பெரிய அனுமதி என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

'நான் பத்து வருஷமாக இந்த ஆன்டிவைரஸ்தான் போடுகிறேன், ஒரு பிரச்சினையும் வரவில்லை' என்று சொல்பவர்கள் நேர்மையாகத்தான் சொல்கிறார்கள். அதே பத்து ஆண்டுகளில் அவர்கள் வீட்டுக்கு ரவுட்டர் வந்தது, விண்டோஸ் அப்டேட் தானாக இறங்கத் தொடங்கியது, பிரவுசர் ஃப்ளாஷைத் துறந்தது, மெயில் சர்வரில் வடிகட்டி வலுப்பெற்றது. இவற்றில் எது காப்பாற்றியது என்று அவர்களின் அனுபவத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மறுபக்கம், பிரச்சினை வந்த வீடுகளைப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. சில ஆண்டுகளாக வீட்டுக் கம்ப்யூட்டர்களை அதிகம் பதம் பார்த்த ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல்) குடும்பம் ஸ்டாப்-டிஜாவு. அது வந்த வழி கிராக், கீஜென், விண்டோஸ் ஆக்டிவேட்டர். கல்யாண ஆல்பம் வடிவமைப்பதற்கும் டிடிபி வேலைக்கும் கிராக் மென்பொருளைத் தேடி இறக்குகிறவர், அதோடு வரும் குறிப்பைப் படிக்கிறார்: 'நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடவும்.' அணைத்துவிடுகிறார். கட்டண ஆன்டிவைரஸ் என்றால் அதையும் அணைத்துவிடுகிறார், கீயைக் காசு கொடுத்து வாங்கியவரே. உள்ளே போனது குழந்தையின் பிறந்தநாள் படங்கள் உட்பட எல்லாவற்றையும் பூட்டிவிட்டு ஒரு குறிப்புக் கோப்பை விட்டுவைக்கிறது. அந்தப் பூட்டைத் திறக்கும் கருவி சில பழைய வகைகளுக்குத்தான் உண்டு. உடைமையாளரே கையால் அணைக்கும்போது எந்த மென்பொருளும் தடுத்து நிற்க முடியாது.

இன்னும் புதிய வழி, போன். கரண்ட் கட்டணம் பாக்கி, வங்கியின் கேஒய்சி முடியவில்லை, உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது என்று ஏதோ ஒன்றைச் சொல்லி எனிடெஸ்க் அல்லது டீம்வியூவர் இறக்கச் சொல்வார்கள். அது முறையான மென்பொருள், சர்வீஸ்காரர்கள் அன்றாடம் பயன்படுத்துவது. எந்த ஆன்டிவைரஸும் அதைத் தீநிரல் என்று பிடிக்காது, பிடித்தால் பாதித் தொழில் நின்றுபோகும். அதில் தோன்றும் எண்ணை வாசித்துக் காட்டி, கேட்கும் அனுமதியையும் கொடுத்ததும் எதிர்முனையில் இருப்பவர் உங்கள் திரையில் இருக்கிறார். கட்டண சூட்களில் 'வங்கிப் பாதுகாப்பு' என்று தனிப் பிரவுசர் தருகிறார்கள், விசைப்பலகையில் அடிப்பதை ஒட்டுக்கேட்கும் நிரல்களுக்கு எதிராக அது பயன்படலாம். ஓடிபியை வாயால் சொல்கிறவருக்கு அது என்ன செய்யும்? பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அழைக்க வேண்டும் என்பது வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருப்பது, அந்தக் கம்ப்யூட்டரில் எந்த சூட் இருக்கிறது என்பதைவிடப் பெரிய வித்தியாசத்தை ஏற்படுத்தும்.

அப்படியானால் காசு கொடுத்து வாங்கவே கூடாதா? வாங்கலாம், சில இடங்களில். வீட்டிலேயே டிடிபி, ஆல்பம், பிரிண்ட் வேலை செய்து நாள் முழுக்க ஊரார் பென்டிரைவைச் செருகுகிறவருக்கு நல்ல பென்டிரைவ் ஸ்கேனர் உள்ள மென்பொருள் கைகொடுக்கும். கோளாறு வந்தால் போனில் தமிழில் பேசி வழிகாட்ட ஆள் வேண்டும் என்பவர் அந்தச் சேவைக்காகக் கொடுக்கலாம், அதுவும் ஒரு நியாயமான விலைதான். மற்ற வீடுகளில் வருடந்தோறும் ரெனியூவலுக்குப் போகும் காசை இரண்டு மூன்று வருடம் சேர்த்தால் ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கிவிடலாம். மாதம் ஒருமுறை செருகி, படங்களையும் கணக்குகளையும் அதில் எடுத்துவிட்டு, கேபிளைப் பிடுங்கி அலமாரியில் வைப்பது. செருகியபடியே விட்டால் ரேன்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும், ஆகவே பிடுங்குவது முக்கியம். அன்றாடம் பயன்படுத்தும் யூசரை நிர்வாகி அதிகாரம் இல்லாத சாதாரணக் கணக்காக வைப்பதும், டிஃபெண்டருக்குள் அணைந்தே கிடக்கும் 'கண்ட்ரோல்ட் ஃபோல்டர் ஆக்சஸ்' என்ற ரேன்சம்வேர் தடுப்பை இயக்குவதும் செலவில்லாதவை. அந்தத் தடுப்பு ஆரம்பத்தில் சில நல்ல மென்பொருள்களையும் கோப்பு எழுத விடாமல் முரண்டு பிடிக்கும், அனுமதிப் பட்டியலில் சேர்த்துவிட்டால் சரியாகும். ஏற்கெனவே ஏதாவது புகுந்திருக்கிறதோ என்ற சந்தேகம் இருந்தால், மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2017இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திராவின் தளத்தில் சுத்தம் செய்யும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அப்படி ஒன்று இருப்பதே கடைத்தெருவில் பலருக்குத் தெரியாது.

இப்போது சர்வீஸ் மேசையில் அதிகம் வருவது விண்டோஸ் 10 பற்றிய கேள்வி. 2025 அக்டோபர் 14ஓடு அதற்கான வழக்கமான பேட்ச்கள் நின்றுவிட்டன. விண்டோஸ் 11க்குத் தேவையான டிபிஎம் சிப்போ புதிய பிராசஸரோ இல்லாத கம்ப்யூட்டர்கள் ஏராளம், அவற்றின் உரிமையாளர்களிடம் 'பெரிய ஆன்டிவைரஸ் ஒன்று போட்டுவிட்டால் போதும்' என்று சொல்லப்படுகிறது. டிஃபெண்டரின் வைரஸ் பட்டியலை விண்டோஸ் 10க்கு 2028 அக்டோபர்வரை தொடர்ந்து தருவதாக மைக்ரோசாஃப்ட்டே அறிவித்திருக்கிறது. ஆன்டிவைரஸ் அங்கே குறையவில்லை, நின்றுபோனது பேட்ச். பிளாஸ்டர் காலத்தில் கோப்பை அழிக்க அழிக்கப் புழு திரும்பி வந்ததற்குக் காரணமான அதே குறை. அதை எந்தப் பெட்டியும் நிரப்பாது. வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர்வரை நீட்டிப்பு பேட்ச் உண்டு, மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்ஸை பேக்கப் செய்தால் காசு கேட்பதில்லை. அதற்குப் பதிவு செய்துகொண்டு, அந்த அவகாசத்துக்குள் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போடுவதா, வேறு வாங்குவதா என்று முடிவெடுக்கலாம். லினக்ஸ் என்றால் தமிழ்த் தட்டச்சும் வீட்டு பிரிண்டரும் அதில் ஓடுகிறதா என்று முதலில் பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்த்துவிடுவது நல்லது.